ஐரோப்பிய வரலாறு, சமூகம், பண்பாடு பற்றிய ஆய்வு நூல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் வாசிக்கும் பழக்கம் உள்ள, ஆனால் வரலாற்றுத் துறையில் முறையான பயிற்சி பெறாத தமிழ் வாசகர்களை மனத்தில் வைத்து இந்தக் கேள்வி–பதில் தொகுக்கப்பட்டுள்ளது. நூற்பெயர்கள் தமிழாக்கிச் சொல்லப்பட்டுள்ளன. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கொண்டு அவற்றைத் தேடிக்கொள்ளலாம்.

ஆய்வு நூல் என்று எதைச் சொல்கிறோம்? பொது வாசகருக்கான வரலாற்று நூலிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

நடை கடினமாக இருப்பதாலோ பக்கங்கள் மிகுதியாக இருப்பதாலோ ஒரு நூல் ஆய்வு நூலாகிவிடுவதில்லை. ஆசிரியர் தாம் சொல்லும் ஒவ்வொன்றையும் எந்த ஆவணத்திலிருந்து பெற்றார், தமக்கு முன் அதே பொருளில் எழுதியவர்களோடு எங்கே உடன்படுகிறார், எங்கே முரண்படுகிறார் என்பதை வாசகர் சரிபார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் நூலே ஆய்வு நூல். பொது வாசகருக்கான நூல் முடிவுகளைச் சொல்கிறது. ஆய்வு நூல் அந்த முடிவுக்கு வந்த வழியையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே இவ்வகை நூலைத் தகவல் களஞ்சியமாகப் படிப்பவர்கள் விரைவில் சலிப்படைகிறார்கள். அதை ஒரு வாதமாகப் படிப்பவர்களுக்கு, அறியாத ஊரின் வரிக் கணக்குகூடச் சுவை தரத் தொடங்கிவிடும்.

எந்த நூலில் தொடங்கலாம்?

ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பாலாடைக்கட்டியும் புழுக்களும்’ என்ற நூலையே சொல்வேன். அளவில் சிறியது, ஒரே ஒரு மனிதரைப் பற்றியது, அதே வேளையில் ஆய்வு நூல் ஒன்று என்னென்ன செய்ய முடியும் என்பதை முழுமையாகக் காட்டுவது.

இத்தாலியின் வடகிழக்கில், அப்போது வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்த ஃபிரியூலிப் பகுதியின் மோன்டெரியாலே என்ற ஊரில், 1532ஆம் ஆண்டு பிறந்தவர் டொமெனிகோ ஸ்கந்தெல்லா. ஊரார் அவரை மெனோக்கியோ என்றே அழைத்தார்கள். மாவு அரைக்கும் ஆலை நடத்திப் பிழைத்த இவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். இரவலாகவும் விலைக்கும் கிடைத்த சில நூல்களைப் படித்துவிட்டு, உலகம் தோன்றியது எப்படி என்று கண்டவரிடமெல்லாம் பேசத் தொடங்கினார். தொடக்கத்தில் மண்ணும் நீரும் காற்றும் நெருப்பும் ஒன்றாகக் கலந்து குழம்பிக் கிடந்தன என்றும், பாலிலிருந்து பாலாடைக்கட்டி திரள்வதுபோல் அதிலிருந்து ஒரு பிண்டம் திரண்டது என்றும், அந்தப் பாலாடைக்கட்டியில் புழுக்கள் தோன்றுவதுபோல் தேவதூதர்கள் தோன்றினார்கள் என்றும், கடவுளும் அவர்களுள் ஒருவரே என்றும் அவர் சொன்னார். 1584ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபையின் சமய விசாரணை மன்றம் அவரைக் கைது செய்து விசாரித்தது. சிறைத் தண்டனை பெற்று, பின்னர் விடுவிக்கப்பட்டு, வாயை அடக்க முடியாமல் மீண்டும் பிடிபட்டு, இரண்டாம் விசாரணைக்குப் பின் 1599ஆம் ஆண்டில் மரண தண்டனைக்கு உள்ளானார்.

அந்த விசாரணையில் எழுத்தர்கள் பதிவுசெய்த கேள்வி–பதில்களே கின்ஸ்பர்க்கின் முதன்மைச் சான்று. மெனோக்கியோ படித்ததாகச் சொன்ன நூல்களைத் தேடி எடுத்து, அவற்றில் உண்மையில் என்ன எழுதியிருந்தது, அதை அவர் நினைவில் எப்படி மாற்றி வைத்திருந்தார் என்று வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கிறார். நூலில் இருந்ததற்கும் அவர் சொன்னதற்கும் இடையிலுள்ள இடைவெளியில், எழுத்தில் பதிவாகாத உழவர் பண்பாடு ஒன்றின் தடயம் இருப்பதாக வாதிடுகிறார். இந்த வாதத்தின் பிற்பகுதியை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. படித்த வர்க்கத்தின் கருத்துகள் வேறு வழிகளில் ஆலைக்காரரை எட்டியிருக்கலாம் என்றும், தொன்மையான வாய்மொழிப் பண்பாடு ஒன்றை ஆசிரியர் அளவுக்கு மீறிக் கற்பித்துக்கொள்கிறார் என்றும் மறுத்தவர்கள் உண்டு. அந்த மறுப்பு எனக்கும் ஓரளவு நியாயமாகவே படுகிறது. ஆனாலும் ஒப்பீடு நிகழும் அத்தியாயங்களின் நுட்பம் அதனால் குறைந்துவிடவில்லை.

ஒரு தனிமனிதரைப் பற்றிப் படித்து ஐரோப்பாவை எப்படிப் புரிந்துகொள்வது?

ஐரோப்பாவை முழுவதுமாகப் புரிந்துகொள்ள முடியாது. ஐரோப்பாவைப் பற்றிய பொதுக் கூற்றுகளைச் சோதித்துப் பார்க்க முடியும். பதினாறாம் நூற்றாண்டில் சாதாரண மக்கள் திருச்சபை சொன்னதை அப்படியே நம்பினார்கள் என்று ஒரு பாடநூல் சொல்லுமானால், மெனோக்கியோ அதை இடறிவிடுகிறார். இத்தகைய ஆய்வுக்கு நுண்வரலாறு என்று பெயர். மெனோக்கியோ தம் காலத்து உழவர்களின் பிரதிநிதி அல்லர், விதிவிலக்குத்தான். ஆனால் எந்த எல்லைக்குள் ஒரு விதிவிலக்கு தோன்ற முடிந்தது என்பதும் அந்தச் சமூகத்தைப் பற்றிய செய்தியே.

விசாரணை மன்றத்தின் ஆவணங்களை எப்படி நம்புவது? அச்சத்தில் பேசியவர்களின் சொற்கள்தாமே அவை?

மிகச் சரியான கேள்வி. இதற்கு விடை தேடுவதற்காகவே எம்மானுவேல் லெ ருவா லாதுரி எழுதிய ‘மோன்தாய்யு’ (1975) என்ற நூலைப் படிக்கலாம். தெற்குப் பிரான்சில் பிரெனே (பைரனீஸ்) மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் மோன்தாய்யு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சுமார் 250 பேர் வாழ்ந்தார்கள். கத்தார் என்று அழைக்கப்பட்ட, திருச்சபை தடைசெய்த சமயப் பிரிவு அங்கே உயிர்ப்புடன் இருந்தது. 1318 முதல் 1325 வரை பாமியே நகர ஆயர் ழாக் ஃபூர்னியே அவ்வூர் மக்களையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரித்தார். அசாத்தியப் பொறுமையும் துருவிக் கேட்கும் குணமும் வாய்ந்த இந்த ஆயர், பின்னர் 1334இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். அதனால் அவருடைய விசாரணைப் பதிவேடு அவரோடு பயணப்பட்டு, இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது.

இப்பதிவேட்டைக் கொண்டு லெ ருவா லாதுரி காட்டும் கிராமம் வியக்கத்தக்க நெருக்கத்தில் தெரிகிறது. வெயிலில் உட்கார்ந்து பெண்கள் ஒருவர் தலையில் மற்றவர் பேன் பார்த்துக்கொண்டே சமய விவாதம் செய்கிறார்கள். தாய் மகனுக்கும் காதலி காதலனுக்கும் பேன் பார்ப்பதுகூட உறவின் அடையாளமாகப் பதிவாகிறது. ஊர்ப் பாதிரியார் பியேர் கிளெர்க் திருச்சபைக்கும் கத்தார்களுக்கும் ஒரே நேரத்தில் வேண்டியவராக இருந்துகொண்டு, பல பெண்களோடு தொடர்பு வைத்திருக்கிறார். அவர்களுள் ஒருவரான பெயாத்ரீஸ் தெ பிளானிசோல் என்ற உயர்குடிப் பெண்ணின் வாக்குமூலம், அக்காலப் பெண் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி நமக்கு எஞ்சியிருக்கும் மிக விரிவான பதிவுகளுள் ஒன்று.

இப்போது கேள்விக்கு வருவோம். சாட்சிகள் பேசியது தெற்குப் பிரான்சின் வட்டார மொழியான ஆக்சிதானில்; எழுத்தர்கள் பதிவு செய்தது லத்தீனில். கேட்டவர் தண்டிக்கும் அதிகாரம் படைத்தவர். அவர் எதைக் கேட்டாரோ அதற்கே பதில் இருக்கிறது. லெ ருவா லாதுரி ஆயரை ஒரு மானிடவியலாளர்போல் நடத்தி, அவருடைய அதிகாரத்தை மறந்துவிடுகிறார் என்று மானிடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோ 1986இல் கண்டித்தார். கண்டனம் வலுவானது. ஆனால் பேன் பார்த்தது யார், ஆட்டு மந்தையை எந்த மாதத்தில் மலைக்கு ஓட்டினார்கள் என்பவற்றில் பொய் சொல்வதால் சாட்சிக்கு எந்த லாபமும் இல்லை. சமயக் குற்றத்தைப் பற்றிய வாக்குமூலத்தை ஐயத்தோடும், அதன் ஓரத்தில் தற்செயலாகச் சிந்திய அன்றாடச் செய்தியைக் கூடுதல் நம்பிக்கையோடும் வாசிப்பதே வரலாற்றாசிரியர்களின் வழக்கம். எந்த ஆவணத்தை எடுத்தாலும் அதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், எதைச் சொல்வதால் யாருக்கு ஆதாயம் என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

சான்று இல்லாத இடத்தில் ஆசிரியர் ஊகிக்கலாமா?

ஊகம் ஊகமென்று தெரியும்படி இருந்தால் ஊகிக்கலாம். நட்டாலி ஸீமோன் டேவிஸ் எழுதிய ‘மார்த்தேன் கேரின் மறுவரவு’ (1983) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்பிரான்சின் ஆர்த்திகா என்ற ஊரில் 1548ஆம் ஆண்டு மார்த்தேன் கேர் என்ற உழவர், தந்தையின் தானியத்தைத் திருடிய பழிக்கு அஞ்சி, மனைவி பெர்த்ராந்தையும் குழந்தையையும் விட்டு ஓடிப்போகிறார். 1556இல் அவர் திரும்பி வருகிறார். மனைவியும் ஊரும் ஏற்றுக்கொள்கின்றன. சில ஆண்டுகளில், வந்தவர் மார்த்தேன் அல்லர், அர்னோ து தீல் என்ற போலி என்று வழக்கு எழுகிறது. 1560இல் துலூஸ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லவிருந்த நேரத்தில், போரில் ஒரு காலை இழந்து மரக்காலோடு உண்மையான மார்த்தேன் வந்து நிற்கிறார். அர்னோ ஆர்த்திகாவில் மார்த்தேனின் வீட்டுக்கு எதிரே தூக்கிலிடப்படுகிறார்.

படுக்கையைப் பகிர்ந்த மனைவிக்கு உண்மை தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும், தெரிந்தே அந்தப் புதிய வாழ்வை அவர் தேர்ந்துகொண்டார் என்கிறார் டேவிஸ். ஆனால் வழக்கின் மூல வாக்குமூலங்கள் அழிந்துவிட்டன. எஞ்சியிருப்பவற்றில் முக்கியமானது வழக்கை விசாரித்த நீதிபதி ழான் தெ கொராஸ் 1561இல் அச்சிட்ட நூல். ஆகவே டேவிஸ் அந்த வட்டாரத்து உயில்களையும் திருமண ஒப்பந்தங்களையும் நிலப் பத்திரங்களையும் கொண்டு, பெர்த்ராந்தைப் போன்ற ஒரு பெண்ணுக்கு என்னென்ன வழிகள் திறந்திருந்தன என்று கட்டுகிறார். தாம் தருவதில் ஒரு பகுதி தம் புனைவே என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். 1988இல் ராபர்ட் ஃபின்லே என்ற வரலாற்றாசிரியர் இதைக் கடுமையாக எதிர்த்தார்: பெர்த்ராந்த் ஏமாற்றப்பட்டவர் என்றே நீதிமன்றமும் ஊராரும் கருதினார்கள், இருபதாம் நூற்றாண்டுப் பெண்ணின் சுயமுடிவை அவர்மேல் ஏற்றிச் சொல்வது முறையல்ல என்பது அவர் வாதம். ஃபின்லேயின் கட்டுரை வந்த அமெரிக்க வரலாற்று ஆய்விதழின் அதே இதழில் டேவிஸின் மறுமொழியும் வெளிவந்தது. நூலையும் இந்த இரு கட்டுரைகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர், வரலாற்றெழுத்து முறை பற்றிய ஒரு பருவப் பாடத்தையே முடித்தவராவார். என் சாய்வு டேவிஸ் பக்கம்; ஆனால் “இருக்கலாம்”, “எண்ணியிருப்பார்” போன்ற சொற்களை அவர் எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு படிப்பது நல்லது.

அன்னால் மரபு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

மார்க் பிளாக், லூசியன் ஃபெவ்ர் என்ற இரு பேராசிரியர்கள் 1929இல் ஸ்திராஸ்பூர்கில் பணியாற்றியபோது தொடங்கிய ஆய்விதழின் பெயரால் அமைந்த மரபு அது. அரசர்கள், போர்கள், உடன்படிக்கைகள் ஆகியவற்றோடு நிற்காமல், புவியியல், பொருளியல், சமூகவியல் ஆகியவற்றின் துணையோடு மக்கள் வாழ்க்கையையும் மனப்பாங்கையும் ஆராய்வது அதன் நோக்கம். இதற்கு முன்பே, 1924இல், பிளாக் ‘தொட்டுக் குணமாக்கும் அரசர்கள்’ என்ற நூலை வெளியிட்டிருந்தார். கழுத்தில் கட்டிகள் தோன்றும் கண்டமாலை நோயை அரசரின் கை பட்டால் தீரும் என்று பிரான்சிலும் இங்கிலாந்திலும் நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் நம்பினார்கள். இங்கிலாந்தில் ஆன் அரசியோடு 1714இல் அது ஓய்ந்தது. பிரான்சில் பத்தாம் சார்ல் 1825இல்கூட நோயாளிகளைத் தொட்டார். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாமல், அரசதிகாரம் எதன்மேல் நின்றது என்பதற்கான சான்றாக பிளாக் எடுத்துக்கொண்டார். அவர் யூதர், இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த பின் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து, 1944 ஜூன் 16 அன்று லியோன் நகருக்கு அருகே ஜெர்மானியர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த தலைமுறையின் பெரும்பெயர் ஃபெர்னான் பிரோடல். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் வெளியுறவுக் கொள்கையை ஆராயப் புகுந்து, ஃபெவ்ரின் தூண்டுதலால் மத்தியதரைக் கடலையே தம் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டவர். ஆவணக் காப்பகங்களில் கையால் படியெடுத்து மாளாது என்று, அல்ஜியர்ஸில் ஒரு ஒளிப்பதிவாளரிடம் பழைய திரைப்படக் கருவி ஒன்றை வாங்கி, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆவணங்களைப் படம் பிடித்தார். 1940இல் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகி, முதலில் மைன்ஸ், பிறகு லூபெக் முகாம்களில் இருந்தபோது, குறிப்புகள் ஏதும் கையில் இல்லாமலே நூலின் முதல் வடிவத்தைப் பள்ளி நோட்டுகளில் எழுதி ஃபெவ்ருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1949இல் வெளியான அந்நூல் காலத்தை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது: மலை, கடல், தட்பவெப்பம் ஆகியவற்றின் மிக மெதுவான காலம்; வணிகம், சமூகம், பேரரசுகள் ஆகியவற்றின் நடுத்தரக் காலம்; போரும் அரசியலும் நிகழும் விரைவான காலம். முதல் பகுதி ஈடிணையற்றது. மூன்றாம் பகுதியில் ஆசிரியருக்கே அவ்வளவு ஈடுபாடு இல்லை என்று தோன்றும். முதல் வாசிப்பில் அதைத் தவிர்த்தாலும் குற்றமில்லை.

ஒரே ஆவணங்களிலிருந்து இரு ஆசிரியர்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்தால் யாரை நம்புவது?

அப்படிப்பட்ட இணைகளையே தேடிப் படிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து திரட்டப்பட்ட 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன், 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யூசெஃபோவ் ஊரில் சுமார் 1,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றது. தொடங்குமுன், வயதில் மூத்தவர்களில் இப்பணிக்குத் தம்மால் ஆகாது என்று கருதுபவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று தளபதி டிராப் கண்கலங்கச் சொன்னார். ஏறக்குறைய ஒரு டஜன் பேரே விலகினார்கள். 1960களில் இவர்கள்மேல் நடந்த வழக்கின் வாக்குமூலங்களைக் கொண்டு கிறிஸ்டோபர் பிரவுனிங் 1992இல் ‘சாதாரண மனிதர்கள்’ என்ற நூலை எழுதினார். சகாக்களின் முன் கோழையாகத் தோன்ற அஞ்சுவது, மேலதிகாரத்துக்குப் பணிவது, போர்ச் சூழல் மனத்தை மரக்கச்செய்வது ஆகியவை குடும்பஸ்தர்களைக் கொலைகாரர்களாக்கின என்றார். 1996இல் டேனியல் கோல்ட்ஹேகன், அதே வாக்குமூலங்களிலிருந்து, ஜெர்மானியச் சமூகத்தில் ஊறியிருந்த யூத வெறுப்பே அவர்களை விரும்பிக் கொல்லவைத்தது என்று எழுதினார்.

குற்றவாளி தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்ன சொற்களை எவ்வளவு ஏற்பது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். தன்னைத் தூய்மையாகக் காட்டும் வாக்குமூலங்களைக் கோல்ட்ஹேகன் ஒரேயடியாக ஒதுக்குகிறார். அப்படிச் செய்தால் கோல்ட்ஹேகனின் முடிவுக்கு உதவும் சான்றுகளே மிஞ்சும் என்று, 1998 பதிப்பின் பின்னுரையில் பிரவுனிங் விடையளித்தார். பெரும்பாலான துறை வல்லுநர்கள் பிரவுனிங்கின் கையாளுகையையே சிறந்ததாகக் கருதுகிறார்கள். விற்பனையில் புயல் கிளப்பியது என்னவோ கோல்ட்ஹேகனின் நூல்தான்.

கிப்பன், புர்க்ஹார்ட் போன்ற பழையவர்களை இன்னும் படிக்க வேண்டுமா?

ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி எட்வர்ட் கிப்பன் 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டதை இன்று தகவலுக்காகப் படிக்க வேண்டியதில்லை. நடைக்காகவும் குறும்பு மிக்க அடிக்குறிப்புகளுக்காகவும் படிக்கலாம். இத்தாலிய மறுமலர்ச்சி பற்றி யாக்கோப் புர்க்ஹார்ட் 1860இல் எழுதியதன் நிலை வேறு. தனிமனிதன் என்ற உணர்வு அங்கேதான் பிறந்தது என்ற அவருடைய கூற்றை மறுத்தே பிற்காலத்தில் பல நூல்கள் எழுதப்பட்டிருப்பதால், மறுக்கப்படுவது என்ன என்று தெரிந்துகொள்ளவாவது அவரைப் படித்தாக வேண்டும்.

ஐரோப்பா என்றால் பிரான்சும் இத்தாலியும் இங்கிலாந்தும் மட்டும்தானா?

இந்தக் கேள்வி–பதிலும் அதே சாய்வு கொண்டதுதான். 1989–91க்குப் பின் கிழக்கின் ஆவணக் காப்பகங்கள் திறந்தபோது நிலைமை மாறியது. உரால் மலைப் பகுதியில் சோவியத் அரசு எழுப்பிய மாக்னிட்டோகோர்ஸ்க் என்ற எஃகு நகரைப் பற்றி ஸ்டீபன் காட்கின் எழுதிய நூலும் (1995), இன்றைய கிரேக்கத்தின் சலோனிகா நகரில் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் யூதர்களும் வாழ்ந்ததைப் பற்றி மார்க் மசோவர் எழுதிய நூலும் (2004) நல்ல வாயில்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் கிழக்கையும் மேற்கையும் ஒரே கதையாகச் சொல்வதில் டோனி ஜட்டின் 2005ஆம் ஆண்டு நூலை இன்னும் எதுவும் விஞ்சவில்லை என்பது என் கருத்து.

ஆங்கில மொழிபெயர்ப்பை நம்பிப் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் பதிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். மோன்தாய்யுவின் 1978ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு மூலத்தை வெகுவாகச் சுருக்கியது. பின்னை இடைக்காலப் பண்பாடு பற்றி டச்சு அறிஞர் யோஹான் ஹைசிங்கா 1919இல் எழுதிய நூலின் 1924ஆம் ஆண்டு ஆங்கில வடிவமும் சுருக்கமே. முழு மொழிபெயர்ப்பு 1996இல்தான் வந்தது. ஒரு நூல் பிறந்த ஆண்டுக்கும் ஆங்கிலத்தில் வந்த ஆண்டுக்கும் உள்ள இடைவெளியையும் கவனிக்க வேண்டும். நோர்பர்ட் எலியாஸ் மேசை நாகரிகத்தையும் வெட்க உணர்ச்சியையும் பற்றி 1939இல் எழுதியதன் முதல் தொகுதி ஆங்கிலத்துக்கு வந்தது 1978இல்; அதை எழுபதுகளின் சிந்தனை என்று எண்ணிப் படித்தால் ஹிட்லர் காலத்து அகதி ஒருவரின் கவலை கண்ணில் படாமல் போகும்.

தமிழில் இவை உண்டா? தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஐரோப்பிய ஆவணங்கள் இருக்கின்றனவா?

ஐரோப்பாவைத் தமிழருக்குச் சொல்லும் பணியில் வெ. சாமிநாத சர்மா தனியாளாக நின்று செய்தது பெரிது. ‘கிரீஸ் வாழ்ந்த வரலாறு’ இன்றும் படிக்கத்தக்கது. பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழில் தந்தவரும் அவரே. ஆனால் அவை இங்கே பேசப்படும் பொருளில் ஆய்வு நூல்கள் அல்ல.

ஆவணத் தொடர்பு உறுதியாக உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும் தமிழர்களிடம் சமயம், சடங்கு, வழக்கங்கள் பற்றிக் கேள்விகள் எழுதிக் கேட்டு, வந்த விடைக் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்கள். அவை ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயின. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் குரல் அவற்றில் கேட்கிறது, ஆனால் ஜெர்மன் பாதிரிமார் வழியாக. ஆக்சிதானில் பேசி லத்தீனில் பதிவான மோன்தாய்யு மக்களிடம் கேட்ட அதே கேள்விகளை இங்கும் கேட்டாக வேண்டும்.

விலை கட்டுப்படியாகுமா? எங்கே தேடலாம்?

பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் கெட்டி அட்டைப் பதிப்புகள் நூலகங்களை நம்பி விலையிடப்படுபவை. தனிவாசகர் அவற்றின் பக்கம் போக வேண்டாம். மேலே சொன்ன நூல்களில் பெரும்பாலானவை மெல்லட்டைப் பதிப்பாகவும் பழைய புத்தகக் கடைகளிலும் கிடைக்கக்கூடியவை. கிப்பனும் புர்க்ஹார்ட்டும் குட்டன்பர்க் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசம். பிரெஞ்சு தெரிந்தவர்கள் அன்னால் ஆய்விதழின் பழைய இதழ்களைப் பெர்சே இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

முழு நூலையும் படிக்க நேரமில்லாதவர் என்ன செய்யலாம்?

முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படித்து வாதம் எது என்று கண்டுகொள்ளலாம். பிறகு ஆவணங்களை மிக நெருக்கமாகக் கையாளும் ஒரே ஒரு அத்தியாயத்தை அடிக்குறிப்புகளோடு மெதுவாகப் படிக்கலாம். அதன்பின் ஆய்விதழ்களில் வந்த மதிப்புரைகளில் பாராட்டும் ஒன்றையும் தாக்கும் ஒன்றையும் தேடிப் படிக்கலாம். நூலின் நடுவில் வரும் வழக்கமான பின்னணி அத்தியாயங்களைப் பேராசிரியர்களே புரட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.